செயின்ட் ஆண்ட்ரூஸின் ஹிமாலயாஸ் பட்டிங் தளம்: கோல்ஃப் பழகத் தொடங்கியவரின் மதிப்புரை

கோல்ஃபின் தாயகம் என்று போற்றப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸை ஒட்டிக் கடற்கரைப் பக்கமாக, மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி கிடக்கிறது. ஹிமாலயாஸ் என்று எல்லோரும் அழைக்கும், பட்டிங்குக்கான (பந்தைக் குழியை நோக்கித் தட்டி உருட்டுவதற்கான) அந்தத் தளம் செயின்ட் ஆண்ட்ரூஸ் மகளிர் பட்டிங் சங்கத்துக்கு உரியது. பொதுமக்களும் சில பவுண்டுகள் கட்டணம் செலுத்தி ஆடலாம். கோல்ஃப் பழகத் தொடங்கிய ஒருவர், அந்த நகரில் செலவிடும் பணத்துக்கு மிகுந்த பலன் பெறக்கூடிய இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டு 1867. பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி அடிப்பது பண்பாகாது என்று கருதப்பட்ட அந்தக் காலத்தில், பந்தை உருட்டி மட்டுமே ஆடுவதற்கான தளம் ஒன்றை அவர்களுக்கு முதலில் அமைத்துத் தந்தவர் அந்நகரின் புகழ்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரரும் மைதானக் காப்பாளருமான ஓல்டு டாம் மோரிஸ். அப்படி ஒதுக்கித் தரப்பட்டது ஆட்டத்தின் சரிபாதி என்பதை அன்றைய ஆண்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பார் 72 கொண்ட, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தில், குழிக்கு இரண்டு பட் (உருட்டும் அடி) வீதம், 36 அடிகள் பட்டிங்குக்கே என்பதுதான் கணக்கு. புதிதாகப் பழகும் நாமோ, தூரமாக அடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்சில் வாளி வாளியாகப் பந்துகளை அடித்துத் தீர்த்துவிட்டு, பந்தை உருட்டும் மட்டையான பட்டரைத் தொடாமலேயே வீடு திரும்புகிறோம்.

பட்டரும் பந்தும் அங்கேயே தருகிறார்கள் என்பதால் வெறுங்கையோடு போகலாம். குழியின் விட்டம் எல்லா மைதானங்களிலும் உள்ள அதே 108 மில்லிமீட்டர்தான். ஆனால் பந்துக்கும் குழிக்கும் இடையே ஆள் இடுப்பளவு மேடு ஒன்று குறுக்கிடும்போது, வீட்டுக் கூடத்தில் விரித்த பட்டிங் விரிப்பில் பழகிய பழக்கம் எதுவும் கைகொடுப்பதில்லை. விரிப்பு கற்றுத் தருவது திசையை மட்டும்; வேகத்தை அது கற்றுத் தராது. இங்கே முதல் அடியிலேயே வேகம்தான் கேள்வியாக வந்து நிற்கிறது. மேட்டின் உச்சிக்கு ஒரு சாண் குறைவாகப் போன பந்து, நின்று, யோசித்து, வந்த வழியே உருண்டு நம் காலடிக்கே திரும்பிவிடும். பயந்துபோய் அடுத்த முறை பலமாகத் தட்டினால், உச்சியைத் தாண்டிய பந்து மறுபக்கச் சரிவில் வேகமெடுத்துக் குழியைக் கடந்து அடுத்த பள்ளத்தில் போய்க் கிடக்கும்.

இதற்கான வழியைத் தளமே மெல்ல மெல்லக் காட்டிக் கொடுக்கிறது. குழியைக் குறிவைப்பதை விட்டு, பந்து எந்த இடத்தில் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும் என்று மேட்டின் மேல் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு அதுவரைக்குமான வேகத்தில் தட்டினால், மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும். தூரம் கூடக்கூட அடியின் பலத்தைக் கூட்டாமல், பட்டரைப் பின்னுக்கு இழுக்கும் நீளத்தைக் கூட்ட வேண்டும் என்பதும், மணிக்கட்டு மடங்கினால் அந்த அளவு முழுவதும் குலைந்துவிடும் என்பதும் பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சமதளத்தில் மணிக்கட்டு மடங்கினால் பந்து ஓர் அடி தூரம் விலகுவதோடு போய்விடும். இங்கே அது கண்ணுக்கெதிரே வேறொரு பள்ளத்துக்குப் போய்விடுவதால், தவறு எங்கே என்று ஒருவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்று பலமாக வீசும்போது காலை அகட்டி ஊன்றி நிற்பதும் தானாகவே வந்துவிடுகிறது.

மட்டையை ஓங்கி வீசும் ஸ்விங்கைத் திருத்திக்கொள்ள விரும்புவோருக்கு இந்த இடம் உதவாது. அதற்கு அதே நகரில் பயிற்சிக்கூடம் இருக்கிறது. எல்லா மட்டைகளோடும் ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்பது குழிகள் கொண்ட பால்கோவ் கோர்ஸுக்குப் போகலாம். அங்கே ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) சான்று தேவையில்லை. ஓல்டு கோர்ஸில் ஆட அந்தச் சான்று கட்டாயம். ஆடத்தான் முடியாதே தவிர, வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டு மைதானம் ஊராருக்குப் பூங்காவாகிவிடுவதால், யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். அங்கே குழிகள் அமைந்த புல்தளங்களில் ஏழு, இரண்டிரண்டு குழிகளுக்குப் பொதுவான பெரிய தளங்கள். அவற்றின் ஓரத்தில் நின்று பார்த்தால், மிக நீண்ட பட் என்பது அங்கே அன்றாட விஷயம் என்பதும், ஹிமாலயாஸில் பழகியது எதற்குப் பயன்படும் என்பதும் விளங்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பயிற்சிக்கென்றே இருக்கும் அமைதியான இடமன்று. குழந்தைகளும் முதியவர்களும் கூட்டமாக வந்து சிரித்துக்கொண்டே ஆடுவார்கள், முன்னால் போகும் குழு மெதுவாக நகர்ந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். ஒரே குழியில் நின்று மறுபடி மறுபடி தட்டிப் பார்க்க விரும்பினால் கூட்டம் குறைந்த நேரமே ஏற்றது. தளம் கோடைகாலத்தை ஒட்டிய மாதங்களில்தான் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அப்போதும் சில வேளைகள் சங்க உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்படுவதால், கிளம்புமுன் அன்றைய நேரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். குதிகால் உயர்ந்த காலணிகளைத் தவிர்த்துத் தட்டையான காலணியே அணிந்து செல்லுங்கள்.