பிராஜெக்டுக்குப் போன மைக்ரோபயாலஜி லேப்: கருவிகள் சுமார், ஒழுங்கு அருமை

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் பிராஜெக்டுக்கு வெளியே லேப் தேடிக்கொண்டிருக்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது கோவையில் ஒரு தனியார் லேப். மாதக் கணக்கில் பணம் கட்டினால் பெஞ்சில் இடம் தருவார்கள், பல கல்லூரிப் பிள்ளைகள் ஒரே ஹாலில் வேலை செய்வார்கள். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

பெரிய பெரிய கருவிகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு லேமினார் (வடிகட்டிய காற்றில் கல்ச்சர் வேலை செய்யும் மேடை), ஒரு ஆட்டோகிளேவ் (அழுத்த ஆவியில் கிருமியைக் கொல்லும் கலன்), ஒரே ஒரு இன்குபேட்டர் (கிருமிகளைக் குறிப்பிட்ட சூட்டில் வளர்க்கும் பெட்டி), கொஞ்சம் பழைய மைக்ராஸ்கோப்புகள், அவ்வளவுதான். பிசிஆர் (டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் சோதனை) வேண்டுமென்றால் வெளியே கொடுத்துத்தான் செய்ய வேண்டும். ஆனாலும் 5-க்கு 4 கொடுக்கிறேன், ஏனென்றால் பொது லேபில் ஒரு மாணவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

போனவுடன் கல்ச்சரை, அதாவது வளர்த்து வைத்த கிருமிகளை, தொட விடமாட்டார்கள். முதலில் ஆட்டோகிளேவ். லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பக்கத்திலேயே நின்று, "தண்ணி பாத்தியா தம்பி, ஹீட்டர் காயில் முழுகியிருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். மூடியை இறுக்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது, வால்வைத் திறந்து வைத்து உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறி ஆவி சீராக வருகிற வரைக்கும் காத்திருந்துதான் மூட வேண்டும். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் முள் 15 பவுண்டு காட்டும், ஆனால் சூடு 121 டிகிரியை எட்டியிருக்காது, மீடியா (கிருமி வளர்க்கும் சத்துக் கலவை) 15 நிமிடம் இருந்தும் பிரயோஜனமில்லை. உள்ளே வைக்கும் பொருள்மேல் ஒட்டுகிற ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டதே என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். சூடு பட்டது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கோடு, கிருமி செத்ததா என்று தெரிய சூட்டை நன்றாகத் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் பாக்டீரியாவின் ஸ்போர் (உறங்குநிலை வித்து) பட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதையும் அவ்வப்போது எங்களை வைத்தே செய்ய வைத்தார். பல கல்லூரிகளில் இதையெல்லாம் அட்டெண்டர் முடித்து வைத்துவிடுவார், நாம் போய் பிளேட்டில் மீடியா ஊற்றிவிட்டு வருவோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிஸ்கார்டு விஷயம், அதாவது வேலை முடிந்த கல்ச்சரை அப்புறப்படுத்துவது. அவரவர் கல்ச்சரை அவரவரே ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும், அதுவும் மீடியாவுக்கு வைக்கிற நேரத்தை விடக் கூடுதலாக, அரை மணி நேரம். அப்புறம்தான் மஞ்சள் பையில் போட வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகளும் மைக்ரோபயாலஜி கழிவை அந்த இடத்திலேயே கிருமி நீக்கிவிட்டுத்தான் வெளியே கொடுக்கச் சொல்கின்றன. டெஸ்ட் டியூப் கழுவ ஒரு அம்மா வருகிறார். அவசரத்தில் யாரோ உயிருள்ள கிருமி இருக்கும் பிராத்தை (திரவ மீடியாவை) சிங்க்கில் கொட்டிவிட்டுப் போனால், அதில் கை வைக்கப்போவது அவர்தான். அவருக்கு அது ஈ.கோலையா ஸ்டெஃபைலோகாக்கஸா என்று எப்படித் தெரியும்? அதனால் டிஸ்கார்டு டப்பாவில் பெயரும் தேதியும் இல்லாமல் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் யார் வைத்தது என்று தெரியும் வரை அன்று லேமினாரை யாருக்கும் தரமாட்டார்கள். கடுமைதான், ஆனால் அந்த அம்மாவுக்காக இந்தக் கடுமை வேண்டும்.

போன் வாசலிலேயே ஒரு அலமாரியில் வைக்க வேண்டும். முதலில் எல்லோரும் முணுமுணுப்பார்கள். 2010-11இல் அமெரிக்காவில் கல்லூரி லேப்களோடும் மருத்துவ லேப்களோடும் தொடர்புடைய சால்மோனெல்லா தொற்று 38 மாநிலங்களில் 109 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தும் போனார். லேபில் வேலை செய்தவர்களின் வீட்டுக் குழந்தைகளுக்கும் வந்திருந்தது. லேபில் பயன்படுத்திய பேனா, நோட்டு, போன் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு போனால் இதற்குத்தான் வழி. லேப் கோட்டும் அப்படித்தான், உள்ளேயே மாட்டிவிட்டு வர வேண்டும். கோட்டோடு டீக்கடைக்குப் போய் போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் போனது? அந்த ஒற்றை இன்குபேட்டர். பாக்டீரியாவுக்கு 37 டிகிரி, பூஞ்சைக்கு 25-28 போதும், இரண்டையும் ஒன்றில் வைக்கவே கூடாது. யாரோ ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் பிளேட்டுகளை, ஓரத்தை அடைக்கும் பாராஃபிலிம் சுற்றாமல் மேல் தட்டில் வைத்துவிட்டுப் போக, இரண்டு நாள் கழித்துத் திறந்தால் எல்லார் பிளேட்டிலும் கறுப்புப் புள்ளிகள். என் ஆன்டிபயாடிக் சோதனைக்கான பிளேட்டுகளும் அதில் போயின. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. லாக் புக்கில் பெயரும் நேரமும் எழுத இடம் இருக்கிறது, எந்த நுண்ணுயிர் என்று எழுதக் கட்டமே இல்லை, அதனால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. நிர்வாகத்திடம் சொன்னதற்கு "இனிமே பாத்துக்கலாம்பா" என்றார்கள், வீணான மீடியாவுக்குப் பணம் எங்களுடையது. டிஸ்கார்டுக்கு அத்தனை கண்டிப்பு காட்டும் இடம் இன்குபேட்டருக்கும் காட்டியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜும் அதே கதி, கல்லூரி முடித்துப் போனவர்களின் ஸ்லாண்டுகள் (சாய்வாக உறைந்த மீடியாவில் கல்ச்சர் வைத்த டியூப்கள்) பெயர் அழிந்து கிடக்கின்றன.

பூஞ்சையில் பிராஜெக்ட் என்றால் தனி இன்குபேட்டர் உள்ள இடமாகப் பாருங்கள். பாக்டீரியா என்றால் தாராளமாக இங்கே சேரலாம். பிளேட்டில் பெயரை மூடியில் எழுதாமல் அடிப்பக்கம் எழுதுங்கள், அங்கே மூடிகள் மாறிப்போவது சகஜம். ஜனவரிக்கு மேல் கூட்டம் அதிகம், லேமினார் நேரம் கிடைப்பது கஷ்டம், டிசம்பரிலேயே போய்ப் பேசி வைத்துவிடுங்கள்.