கியர்பாக்ஸ் இறக்க ஜாக்கா, செயின் பிளாக்கா?

கனரக லாரியில் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும். பல வண்டிகளில் எடை 300 கிலோவை ஒட்டி வரும். ஆள் பலத்தில் ஆகிற காரியமில்லை.

தரை சமமாக இருந்தால் என் ஓட்டு, கியர்பாக்ஸைத் தாங்கி ஏற்றி இறக்கும் சக்கர ஜாக்கான டிரான்ஸ்மிஷன் ஜாக்குக்குத்தான். காரணம் சாய்மானம். இன்ஜின் பெரும்பாலும் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தே உட்கார்ந்திருக்கும். திரும்ப ஏற்றும்போது ஜாக்கின் மேல்தட்டை அதே கோணத்துக்குத் திருப்பினால், கியர்பாக்ஸின் முன்னால் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். கோணம் தப்பினால் கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங், இன்ஜினோடு சேராமல் ஒரு விரல் இடைவெளியில் முரண்டுபிடித்து நிற்கும். போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாமா என்று கை பரபரக்கும். கூடவே கூடாது! மொத்த எடையும் ஷாஃப்டில் தொங்கினால் பிளேட் வளைந்து, பெடலை மிதித்தாலும் புதுக் கிளட்சே சரியாக விடாது.

மண் தரையில் ஜாக்கின் சக்கரம் உருளாது. அங்கே மேலிருந்து சங்கிலியால் தூக்கும் செயின் பிளாக்தான் கைகொடுக்கும், கேபின் சாய்கிற வண்டியாக இருந்தால். ஆனால் தொங்கும் கியர்பாக்ஸ் ஊசலாடும். தலை வெட்டிய நீள போல்ட் இரண்டை இன்ஜினின் பின்பக்கக் கூடான ஃப்ளைவீல் ஹவுசிங்கில் திருகி, அவற்றின்மேல் கியர்பாக்ஸை நகர்த்துங்கள். இந்த வித்தை ஜாக்குக்கும் பொருந்தும்.