மேல்மண்ணை வழிப்பதா, பொட்டாஷ் போடுவதா?

மண் அறிவியல் படித்தபோது, ஆய்வறிக்கைக்கு இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது: ஜப்பானின் ஃபுகுஷிமா வயல்களில் கதிரியக்கம் படிந்த மேல்மண்ணை வழித்தெடுப்பது, அல்லது மண்ணை அங்கேயே விட்டு, ஆழ உழுது பொட்டாஷ் (பொட்டாசிய உரம்) இடுவது. நான் எடுத்தது பொட்டாஷ். இன்றும் அந்தப் பக்கம்தான்.

2011 மார்ச் அணு உலை விபத்தில் வயல்களில் படிந்த கதிரியக்கச் சீசியம், களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் மேல் 5 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது. நிலத்தடி நீருக்கு அவ்வளவாக இறங்கவில்லை. (உலை வளாகத்துக்கு அடியில் ஓடும் நீரின் பிரச்சினை வேறு.) ஆகவே மேல்மண்ணை வழித்தால் கதிர்வீச்சு உடனே குறையும். வீட்டு முற்றம், பள்ளி மைதானம் என்றால் நானும் அதையே சொல்வேன்.

சரி, வழித்த மண் எங்கே போகும்? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். ஒரு ஹெக்டேரில் 5 சென்டிமீட்டர் என்றாலே 500 கன மீட்டர் மண். வயல், வீடு, சாலையோரம் எல்லாம் சேர்ந்து சுமார் 1.4 கோடி கன மீட்டர், ஒகுமா, ஃபுதாபா ஊர்களில் 1,600 ஹெக்டேர் இடைக்காலச் சேமிப்புக்குப் போனது. 2045க்குள் அதை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் குறைந்த கதிரியக்கமுள்ள மண்ணை டோக்கியோவின் ஷின்ஜுகு பூங்காவில் சோதனைக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்றதுமே அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். அதுவரையும் அதற்கு அப்புறமும் யாராவது அந்த மண்ணைக் காவல் காக்க வேண்டும். இங்கே விவசாயிக்கோ, தலைமுறைகளாக எரு போட்டு வளர்த்த மண் போய், பல இடங்களில் மலை மணல்தான் கிடைத்தது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

பொட்டாஷ் வேலை செய்யும் விதம் எளிது. வேருக்கு சீசியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டாசியம் தாராளமாக இருந்தால் சீசியத்தை வேர் குறைவாகவே எடுக்கும். 100 கிராம் மண்ணில் வேர் எடுக்கக்கூடிய பொட்டாசியம், K₂O கணக்கில், 25 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது நெல்லுக்கான பரிந்துரை. 2012இல் சுமார் ஒரு கோடி அரிசி மூட்டைகளைச் சோதித்ததில், கிலோவுக்கு 100 பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரம்பைத் தாண்டியவை 71. 2015 அறுவடையில் ஒன்றுகூட இல்லை. இயற்கைச் சிதைவுக்கும் மண் அகற்றலுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், பெரும் பங்கு பொட்டாஷுக்கே என்பது என் கருத்து.

பராமரிப்பு தேவைதான், வைக்கோலை அள்ளிக்கொண்டு போனால் பொட்டாசியமும் கூடவே போய்விடும், மண்ணைச் சோதித்துத் திரும்பப் போட வேண்டும். நான் சொல்வது களிமண் கலந்த நெல் வயலுக்கு மட்டும். செர்னோபில் பக்கத்துச் சதுப்புக் கரி மண்ணில் சீசியத்தைப் பிடித்துவைக்கக் களிமண் குறைவு. அங்கே இதே உறுதியோடு பேச மாட்டேன். கிலோவுக்கு 5,000 பெக்கரெலுக்கு மேல் போன வயல்களுக்கும் அப்படித்தான்: ஜப்பான் அங்கே மண்ணை வழிக்கச் சொன்னதை நான் மறுக்கவில்லை.