லைன்மேனிடம் சொன்னது புகார் ஆகாது: ஃபைபர் நெட்டுக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டும் முன்

"தம்பி, மூணு நாளா நெட் வரல. பாக்ஸ்ல சிவப்பு லைட் எரியுது."
"சரிங்கக்கா, நாளைக்குப் பையன அனுப்புறேன்."

ஏரியா கேபிள்காரருடனான இந்த வாட்ஸ்அப் பேச்சு பத்து நாள் ஓடும். பதினோராம் நாள் நெட் கொடுக்கும் நிறுவனத்தின் கஸ்டமர் கேரை அழைத்து, நெட் இல்லாத நாட்களுக்குப் பணத்தைக் கழிக்கச் சொன்னால், "உங்க பேர்ல எந்தக் கம்ப்ளைன்ட்டும் பதிவாகலையே" என்பார்கள். அது பொய்யில்லை. லைன்மேனிடம் சொன்னது, கேபிள்காரருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், எதுவும் சட்டத்தின் கண்ணில் புகார் கிடையாது. புகார் எண் கைக்கு வந்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். மக்களின் பணம் பெரும்பாலும் போவது இந்த ஒரே ஓட்டை வழியாகத்தான்.

அந்தக் கடிகாரத்தில் என்ன இருக்கிறது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் கொண்டுவந்த பிராட்பேண்ட் சேவைத் தர விதியில் ஒரு கணக்கு இருந்தது. பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் 7 நாள் வாடகை கழிவு, ஏழு நாளைத் தாண்டினால் 15 நாள், பதினைந்து நாளைத் தாண்டினால் ஒரு மாத வாடகை. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புதிய விதியும் பழுது மூன்று நாளைத் தாண்டினால் ஈடு கொடுக்கச் சொல்கிறது. மாதக் கடைசியில் பில் கட்டுபவர்களுக்கு மட்டுமல்ல, முன்கூட்டியே ரீசார்ஜ் செய்பவர்களுக்கும் அது உண்டு. புகார் எண் இல்லையென்றால் மூன்று நாள் எப்போது முடிந்தது என்று யார் சொல்வது?

ஏமாற்று தொடங்குவது இணைப்பு கொடுக்கும் அன்றே. ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். பணம் கேபிள்காரரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போகும், ரசீது வராது. அவர் நிறுவனத்தில் மாதாமாதம்தான் ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பார், அல்லது நீங்கள் கேட்டதைவிடக் குறைந்த வேகத் திட்டத்தைப் போட்டிருப்பார். ஆறாம் மாதம் அவர் தொழிலை வேறு ஆளிடம் விட்டுவிட்டுப் போனால் மீதிப் பணமும் அவரோடு போய்விடும். வந்தவர் "அவர்கிட்டக் கட்டினது எனக்குத் தெரியாதுங்க" என்பார்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு, பலர் கவனிப்பதேயில்லை: வாடிக்கையாளரின் மொபைல் எண் என்ற இடத்தில் கேபிள்காரர் தன் சொந்த மொபைல் எண்ணைப் பதிந்துவிடுவது. அப்புறம் ஓடிபி அவருக்குப் போகும், பில் அவருக்குப் போகும். நீங்களே முயன்று புகார் கொடுத்தாலும் புகார் எண்ணின் எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகும். ஆகவே பணம் கொடுத்த அன்றைக்கே, இணைப்பு கொடுத்த ஆள் வீட்டில் இருக்கும்போதே, நிறுவனத்தின் ஆப்பில் உங்கள் எண்ணைப் போட்டு உள்ளே நுழையுங்கள். உங்கள் போனுக்கு ஓடிபி வரவேண்டும். உள்ளே திட்டத்தின் பெயர், வேகம், முடியும் தேதி மூன்றையும் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஒரு வருடம் கட்டியிருக்கிறீர்கள், முடியும் தேதி அடுத்த மாதம் என்று காட்டுகிறதா? அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பில்லும் அப்படியே. அதில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண், 18 சதவீத வரி தனியாக இருக்க வேண்டும். இணையச் சேவை உரிமத்தில் ஏ என்பது நாடு முழுவதற்கும், பி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் (ஏறக்குறைய ஒரு மாநிலம்), சி ஏறக்குறைய ஒரு மாவட்டத்துக்கும். கேபிள்காரர் அந்த உரிமக்காரரின் ஆள், அவ்வளவுதான். சேவைக்குப் பொறுப்பு உரிமக்காரருக்கு. "கம்பெனி ரேட்ட ஏத்திட்டாங்க, மீதி மாசத்துக்கு நூறு நூறு ரூபா போட்டுக் குடுங்க" என்று நடுவில் கேட்டால் கொடுக்காதீர்கள். முன்பணம் கட்டிய காலம் முடியும் வரை அந்தத் திட்டத்தின் கட்டணத்தை ஏற்றக் கூடாது என்பது டிராய் விதி.

வேகத்தில் சண்டை போடும் முன் சரியாக அளந்துகொள்ளுங்கள். வைஃபையில் எடுத்த அளவை நிறுவனம் ஏற்காது. லேன் கேபிளில் லேப்டாப்பை நேரடியாகச் செருகி, மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு, காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் அளந்து வையுங்கள். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் எப்போது பார்த்தாலும் 94-ஐத் தாண்டவில்லை என்றால் வெளி லைனைச் சந்தேகிக்க வேண்டாம். பாக்ஸின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது கேபிளில் எட்டுக்குப் பதில் நாலு கம்பிதான் வேலை செய்கிறது. அவர்கள் கொடுத்த பாக்ஸ் என்றால் மாற்றித் தரச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். காலையில் சரியாக இருந்து இரவில் மட்டும் படுத்தால் அது நெரிசல். ஒரே ஃபைபரை 32, 64 வீடுகள் பங்கு போடும் அமைப்பு இது.

பாக்ஸில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஜன்னல் ஓரத்திலும் ஆணி அடித்த இடத்திலும் ஒயர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் கூர்மையாக மடங்கினாலே ஒளி போய்விடும். வந்த ஆளிடம் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் (dBm) அளவில் மைனஸ் 20 சுற்றி இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டிப் போனால் லைன் நிற்காது. அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி புகார். நிறுவனத்தின் இலவச எண்ணில் அழைத்துப் பதியுங்கள், கேபிள்காரருக்குச் சொல்வது அதற்குப் பிறகு. 2012-ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிப்படி புகார் எண் கொடுத்தே ஆக வேண்டும். இங்கே ஒரு தந்திரம் நடக்கும்: யாருமே வராமல் மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும். பேசாமல் இருந்தால் கணக்கு அங்கே மூடிவிடும். அன்றே மறுபடி அழைத்து, பழைய எண்ணைச் சொல்லி, புது எண் வாங்குங்கள். சிவப்பு விளக்கையும் அன்றைய தேதியையும் சேர்த்து ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்படியும் தீரவில்லையா? நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. மின்னஞ்சல் அவர்கள் தளத்திலும் டிராயின் புகார் கண்காணிப்புத் தளத்திலும் இருக்கும். புகாரைத் தீர்க்க வேண்டிய கெடு முடிந்த 30 நாளுக்குள் எழுத வேண்டும். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீளமாகப் புலம்பினால் படிக்க மாட்டார்கள், இவ்வளவு போதும்:

"வாடிக்கையாளர் எண் இது. இந்தத் தேதியில் இந்த எண்ணில் புகார் பதிந்தேன். சரி செய்யாமலே இந்தத் தேதியில் மூடப்பட்டது. மறுபடி பதிந்த எண் இது. இணைப்பு இத்தனை நாள் இல்லை. அதற்குரிய வாடகைக் கழிவையும் எழுத்து மூலமான பதிலையும் கோருகிறேன். படங்கள் இணைப்பில்."

தனிநபர் புகாரை டிராய் விசாரிக்காது. அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். அடுத்த படி தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு, எண் 1063. நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கு இங்கே செல்லாது என்று நிறுவனங்கள் முன்பு வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு.

இணைப்பை விடும்போது டெபாசிட் விஷயம். "பாக்ஸ் வந்து சேரலை" என்பதுதான் வழக்கமான சாக்கு. பாக்ஸின் பின்புறச் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். டெபாசிட்டைத் திருப்ப 2006 விதியே 60 நாள்தான் கொடுத்திருந்தது. பணம் வராவிட்டால் அதற்கும் தனியாக ஒரு புகார் எண் வாங்க வேண்டும்.