கிரினெல் கல்லூரியா, அயோவா பல்கலைக்கழகமா: என் கட்டுரையைப் படித்தவர் யார்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணத் தொலைவில், இரண்டு கல்வி நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று 1846இல் தொடங்கிய கிரினெல் கல்லூரி. மற்றொன்று மறு ஆண்டே தோன்றிய அயோவா பல்கலைக்கழகம். 2014இல் இரண்டிலும் எனக்கு இடம் கிடைத்தது. நான் கிரினெல்லுக்குப் போனேன். அதே ஆண்டில் என் பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், அயோவா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் சேர்ந்தார். ஆகவே பின்வருவது நடுநிலையான தீர்ப்பு அன்று. கிரினெல்லைப் பற்றி நான்கு ஆண்டு வாழ்ந்து அறிந்ததை எழுதுகிறேன். மற்றதைப் பற்றி அண்ணன் சொல்லக் கேட்டதையும், விடுமுறை நாட்களில் அவர் அறையில் தங்கிப் பார்த்ததையும் மட்டுமே எழுத முடியும்.

திருச்சியில் எங்கள் உறவினர்களுக்கு முதல் சிக்கல் பெயரிலேயே இருந்தது. நம் ஊரில் கல்லூரி என்றால் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவது. எனவே பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போவது, மாவட்டத் தலைநகரை விட்டு வட்டத் தலைநகருக்கு மாற்றலாகிப் போவதைப் போல அவர்களுக்குத் தோன்றியது. கிரினெல் யாருக்கும் கீழ்ப்பட்டதன்று. பட்டத்தைத் தானே வழங்குகிறது. முதுநிலை, முனைவர் படிப்புகளை வைத்துக்கொள்ளாமல் இளநிலை மாணவர்களுக்கு மட்டுமே கற்பிப்பது என்று அது தேர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இத்தகைய கல்லூரிகளைக் குறிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் என்ற சொல்லில் உள்ள ஆர்ட்ஸ் நம் பி.ஏ. அன்று என்பதையும் பெரியப்பாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. இயற்பியலும் கணிதமும் கணினி அறிவியலும் அங்கு உண்டு. பொறியியல், செவிலியர் படிப்பு, வணிக மேலாண்மை ஆகியவற்றில் பட்டம் கிடையாது; இவற்றில் ஒன்று வேண்டுமென்றால் இந்த ஒப்பீட்டையே மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அளவு வேறுபாடு எண்ணிலேயே தெரியும். கிரினெல்லில் மாணவர்கள் சுமார் 1,700 பேர். அயோவாவில் எல்லாப் படிப்புகளையும் சேர்த்துச் சுமார் 30,000 பேர். அண்ணனின் பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து அரங்கில் ஏறத்தாழ 70,000 பேர் உட்காரலாம். நான் படித்த ஊரின் மொத்த மக்கள்தொகையே பத்தாயிரத்தை எட்டாது. 2017இல் ஒரு சனிக்கிழமை அந்த அரங்குக்கு அவர் என்னை அழைத்துச் சென்றார். ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து, பக்கத்திலுள்ள குழந்தைகள் மருத்துவமனையின் மேல்தளத்தை நோக்கிக் கையசைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிறு கைகள் பதிலுக்கு அசைந்தன. அப்படியொரு காட்சி சிறிய கல்லூரியில் ஒருபோதும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரினெல்லின் அறிவிக்கப்பட்ட கட்டணம், விடுதியும் உணவும் சேர்த்து, இப்போது ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அயோவாவில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் 30,000 டாலருக்குச் சற்று மேலே, தங்குவதற்கும் உண்பதற்கும் தனி. ஆனால் கிரினெல் பெரும் அறக்கட்டளை நிதியைக் கையில் வைத்திருக்கும் கல்லூரி. குடும்ப வருமானத்தைப் பார்த்து அது தரும் உதவித்தொகையால், நாங்கள் உண்மையில் கட்டிய பணம் அண்ணன் வீட்டில் கட்டியதைவிடக் குறைவு. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன், வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் தரும்போது அவர்களுக்குத் தேவைப்படும் உதவியின் அளவும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இனி நான் முதன்மையானதாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதிய கட்டுரையைப் படித்துத் திருத்தியவர் யார்? வகுப்பின் அளவு, ஆசிரியர்–மாணவர் விகிதம் என்று விளம்பர ஏடுகள் சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கான சுற்றுவழிப் பதில்களே.

கிரினெல்லில் கட்டாயப் பாடம் என்று பொதுவாக ஒன்றே ஒன்றுதான் உண்டு: முதல் பருவத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து, ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வாசிக்கவும் எழுதவும் விவாதிக்கவும் பழகும் டுடோரியல். அதை நடத்தும் பேராசிரியரே, நாம் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை, நமக்கு ஆலோசகரும் ஆவார். என் முதல் கட்டுரையை, பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கிய பழக்கத்தில், மனித நாகரிகம் தோன்றிய காலத்திலிருந்து தொடங்கியிருந்தேன். நான்கு பக்கக் கட்டுரை. அவர் தம் அறைக்கு என்னை அழைத்து, பென்சிலை முதல் பத்தியின்மேல் வைத்து, “இதை நீங்கள் நம்புகிறீர்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பென்சில் மெல்ல இறங்கி இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியத்தில் நின்றது. “இதை நம்புகிறீர்கள் என்று தெரிகிறது. இங்கிருந்து தொடங்குங்கள்.” அந்தக் கட்டுரையை மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அவரே படித்தார்.

அவரே படித்தார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதுநிலை மாணவர்களே இல்லாத கல்லூரியில், திருத்தும் வேலையை ஒப்படைக்க வேறு ஆள் கிடையாது. அயோவா போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டின் பெரிய பாடங்களைப் பேராசிரியர் நூற்றுக்கணக்கானோர் முன் சொற்பொழிவாக நடத்துவார். வாரம் ஒருமுறை கூடும் சிறு கலந்துரையாடல் வகுப்பையும் விடைத்தாள்களையும் டி.ஏ. எனப்படும் முதுநிலை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அண்ணனுக்கு வேதியியலைப் புரியவைத்தவர் அப்படியொரு டி.ஏ.தான், பேராசிரியர் அல்லர். அங்கே எல்லோரும் படிக்கும் ரெட்டரிக் என்ற எழுத்து–பேச்சுப் பாடமும் சிறு வகுப்புதான். ஆனால் டி.ஏ. சில ஆண்டுகளில் தம் பட்டத்தோடு போய்விடுவார். நம் முதல் கட்டுரையையும் கடைசிக் கட்டுரையையும் படித்த ஒருவர் அங்கே இருப்பது அரிது. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் ஆலோசகரும், முதலாண்டில், அதற்கென்றே நியமிக்கப்பட்ட அலுவலர். விதிகளை அவர் நன்கு அறிவார், நம் எழுத்தை அறிய அவருக்கு வாய்ப்பில்லை.

கிரினெல்லின் திறந்த பாடத்திட்டம் இந்த ஆலோசகரை நம்பியே நிற்கிறது. டுடோரியலையும் முதன்மைப் பாடத்தையும் தவிர எதையும் கட்டாயப்படுத்தாததால், பட்டத்துக்குத் தேவையான 124 கிரெடிட்டுகளை ஒருவர் கணிதத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். இரண்டாம் பருவத்துக்கான பட்டியலில் ஆலோசகர் உடனே ஒப்பமிடவில்லை. என் கட்டுரைகளில் எண் வரும் இடமெல்லாம் நான் வேகமாகத் தாண்டிச் செல்வதைக் கவனித்ததாகவும், புள்ளியியலை எடுத்துப் பார்க்கலாமே என்றும் சொன்னார். கட்டாயம் இல்லை, யோசனைதான். இன்று நான் பிழைப்பது அந்தப் புள்ளியியலால்.

இதற்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. பிற்காலத்தில் இன்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949இல் கிரினெல்லில் பட்டம் பெற்றவர். விடுதி விருந்துக்காக அவர் பக்கத்துப் பண்ணையில் பன்றி ஒன்றைத் திருடி மாட்டிக்கொண்டார். பன்றி வளர்ப்புக்குப் பேர்போன மாநிலத்தில் அது விளையாட்டுக் குற்றமன்று. இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேலும் கல்லூரித் தலைவரும் குறுக்கிட்டதால், ஒரு பருவ இடைநீக்கத்தோடு அது முடிந்தது. அவர் திரும்பி வந்தபோது கேல், அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த டிரான்சிஸ்டரை வகுப்பில் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். மாணவரின் மதிப்பெண்ணை மட்டுமல்லாமல் ஆளையே அறிந்த ஆசிரியர் ஒருவர் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம்.

விடுதி வாழ்வில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. கிரினெல்லில் பெரும்பாலோர் கல்லூரி விடுதிகளிலேயே வாழ்கிறார்கள். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டு பல அமெரிக்கக் கல்லூரிகளில் இயங்கும் மாணவர் சங்கங்கள் இங்கே கிடையாது. சச்சரவுகளை மாணவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மரபு. வளாகத்தை ஊடறுத்து ரயில் பாதை போகிறது. சரக்கு ரயில் கடந்து முடியும்வரை இருபுறமும் நிற்போம், வகுப்புக்குத் தாமதமானால் அது நல்ல சாக்கு. உணவுக்கூடம் ஒன்றே. இதன் இனிமையும் கொடுமையும் ஒருங்கே புரிய, யாரோடாவது மனஸ்தாபம் கொண்டுவிட்டு மூன்று வேளையும் அதே கூடத்தில் அவரைக் கடந்து தட்டை எடுத்துச் செல்ல வேண்டும். அண்ணனோ இரண்டாம் ஆண்டிலேயே மூன்று நண்பர்களுடன் வாடகை வீட்டுக்குப் போய், சொந்தமாகச் சோறு வடித்துச் சாப்பிட்டார். ஜனவரி மாதத்தில், வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழ் இருபது பாகை குளிரில், அவர் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டிலை மிகச் சிக்கனமாகச் செலவழித்திருக்கிறேன். தனிமையைத் தேடுபவருக்கும், நகரம் வேண்டும் என்பவருக்கும் சிற்றூர்க் கல்லூரி மூச்சுமுட்டும். சில உயர்நிலைப் பாடங்கள் எல்லா ஆண்டும் நடைபெறாது என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்டார்கள். எனக்கு ஐந்து பேரில் மூவரைத் தேர்வதுதான் சிரமமாக இருந்தது. முதல் கட்டுரையில் பென்சில் வைத்தவரும் அவர்களுள் ஒருவர். அண்ணன், மூன்றாம் ஆண்டில் ஓர் ஆய்வகத்தில் தாமே போய்க் கேட்டுச் சேர்ந்ததால், இரண்டு நல்ல கடிதங்களைச் சம்பாதித்தார். கடைசியில் அவற்றை எங்கும் அனுப்பவே இல்லை. பட்டம் வாங்கும் முன்பே, பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புச் சந்தையில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் இவ்வளவு நீட்டி எழுதிய காரணம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

சித்தி மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். செவிலியராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். அவளிடம் அயோவா பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.