வகுப்பறையில் ஃபோல்ட்ஸ்கோப்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் கற்பிக்கிறேன். ஃபோல்ட்ஸ்கோப் எனப்படும் காகித நுண்ணோக்கியைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் அதன் புதுமையைத்தான் பேசுகின்றன. புதுமை தீர்ந்த பிறகும் பிள்ளைகளின் கவனத்தை அது பாடத்தில் நிறுத்துகிறதா என்பதே ஆசிரியருக்கு வேண்டிய செய்தி. நிறுத்துகிறது என்பது என் அனுபவம். ஆனால் அது கருவியைவிட, அதை எந்த வரிசையில் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம் என்பதையே பொறுத்திருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய இதன் வடிவமைப்பு 2014-இல் ஆய்விதழில் வெளியானது. மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தாளில் அச்சிட்ட பகுதிகளைப் பிரித்து, நிறக் குறிகளைப் பார்த்து மடித்துச் செருகினால் கருவி தயார். உள்ளே இருப்பது சிறிய உருண்டை லென்சு ஒன்று மட்டுமே. ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு வரை நுணுக்கம் தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டவரான லூவன்ஹாக் நுண்ணுயிரிகளைக் கண்டதும் ஒற்றை லென்சு கொண்ட கருவியால்தான் என்பதால், எட்டாம் வகுப்பின் நுண்ணுயிரிகள் பாடத்தை நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளியில் ஒரே ஒரு கூட்டு நுண்ணோக்கி (பல லென்சுகள் கொண்ட வழக்கமான ஆய்வகக் கருவி) இருக்கும்போது, வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்க, ஒவ்வொருவருக்கும் சில நொடிகளே கிடைக்கும். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவதால், எதுவும் தெரியாதவரும் தெரிந்தது என்று தலையசைத்துவிட்டு நகர்வார். இருவருக்கு ஒரு கருவி என்று கொடுத்தபோதுதான், ஒரு பிள்ளை ஒரே பொருளை ஐந்து நிமிடம் விடாமல் பார்ப்பதை நான் முதன்முதலாகக் கண்டேன். கவனம் என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் உருவாகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

நான் கடைப்பிடிக்கும் வரிசை எளிமையானது: பார்ப்பதற்கு முன் எதிர்பார்ப்பதை வரைய வேண்டும், பார்த்த பிறகு கண்டதை வரைய வேண்டும், அதன் பிறகே பெயர் சொல்வேன். செம்பருத்தி மகரந்தத்தை ஒட்டுநாடாவில் எடுத்து வைப்பதற்கு முன் வரையச் சொன்னால், பெரும்பாலோர் மாவுத்தூள் போன்ற புள்ளிகளை வரைவார்கள். கருவியில் தெரிவதோ உடல் முழுவதும் முள் கொண்ட உருண்டைகள். தன் படமும் கண்ட காட்சியும் ஒத்துப்போகாத அந்த நேரத்தில், ‘முள்ளு எதுக்கு சார்?’ என்ற கேள்வி தானாகவே வருகிறது. பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொள்ளும் மகரந்தம் பற்றிய பாடத்தை அந்தக் கேள்விக்கு விடையாக நடத்தலாம்.

பெயரை முதலில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெங்காயத் தோலே சான்று. செல்லின் படத்தை ஏற்கெனவே மனப்பாடம் செய்த பிள்ளைகள், சாயமிடாத தோலைப் பார்த்துவிட்டு, அதில் தெரியவே தெரியாத மைட்டோகாண்ட்ரியா என்னும் செல் நுண்ணுறுப்பைக்கூட வரைந்து தருகிறார்கள். அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை, பாடநூலின் படத்தையே நினைவிலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். ‘உனக்குத் தெரிந்ததை மட்டும் வரை’ என்று நிறுத்தி, பிறகு ஒரு சொட்டு அயோடின் கரைசலை இட்டு மீண்டும் பார்க்கச் சொன்னால், உட்கரு புள்ளியாகத் தெளிந்து வரும். அதே கண்ணாடித் துண்டில் ஒரு தலைமுடியையும் வைத்துவிடுவேன். முடியின் தடிமன் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருப்பதால், செல்லின் நீளம் அதைப்போல எத்தனை மடங்கு என்று அவர்களே மதிப்பிட முடிகிறது. அளவிடத் தொடங்கிய வகுப்பில் கூச்சல் குறைந்து விவாதம் கூடுகிறது.

தயிர் தனியாகச் சொல்ல வேண்டியது. பாலைத் தயிராக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா பற்றிப் படித்ததும் எல்லோரும் வீட்டிலிருந்து தயிர் கொண்டுவருவார்கள். ஒரு மைக்ரான் அளவே தடிமன் கொண்ட அந்தப் பாக்டீரியாவை இக்கருவி தெளிவாகக் காட்டாது. பிள்ளைகள் ஏமாற்றமடைவார்கள் என்று எண்ணி இதைத் தவிர்க்கும் ஆசிரியர்கள் உண்டு, நான் தவிர்ப்பதில்லை. காண முடியாத ஒன்று இருக்கிறது என்று எப்படி நம்புவது என்று அவர்களிடமே கேட்கிறேன். வெதுவெதுப்பான பாலைச் சம அளவில் இரு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் உறை ஊற்றி, மற்றதை அப்படியே விட்டு ஒப்பிடலாம் என்ற யோசனை ஆண்டுதோறும் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது. கட்டுப்பாட்டுச் சோதனை என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் வழியை நான் அறியேன்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரிலிருந்து இளம் கொசுப்புழுக்களைப் பிடித்து வந்து, வால்முனையில் உள்ள சுவாசக் குழலைப் பார்க்க வைப்பதும் பயன் தருவது. நீரின் மேல் எண்ணெய் விட்டால் புழு ஏன் இறக்கிறது என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்.

குறைகளும் உண்டு. காகிதப் பட்டையை நகர்த்திக் காட்சியைத் தெளிவாக்குவது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடினம். முதல் வகுப்பு முழுவதும் அதற்கே போய்விடும். மேகமூட்டமான நாளில் ஒளி போதாது. கைபேசியின் டார்ச்சின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். கருவியைச் சூரியனை நோக்கிப் பிடிக்கவே கூடாது, கண்ணுக்குத் தீங்கு. இதை ஒவ்வொரு முறையும் சொல்லியே கருவியைக் கொடுக்கிறேன். காந்தத்தால் கைபேசிக் கேமராவுடன் இணைத்துப் படம் எடுக்கலாம் என்றாலும், வரைந்து முடிக்கும் வரை கைபேசியை வெளியே எடுப்பதில்லை, ஏனெனில் படம் எடுத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

தாள் நீரைத் தாங்குவது, எனவே நனைந்து கெடுவதில்லை. மடிப்புகள்தான் நாளடைவில் தளர்கின்றன. லென்சில் கைரேகை படிந்தால் காட்சி மங்கும், மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வாங்க நினைக்கும் ஆசிரியர்கள் இருவருக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கட்டும். அதற்கு நிதி இல்லையெனில், வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி வரையும்போது மறுபாதி பார்க்குமாறு பாடவேளையை அமைத்துக்கொள்ளலாம்.