பழைய பிரெஞ்சு விளக்கு: நான்கு வருஷத்தில் மூன்று சிம்னி

முந்தாநாள் என் விளக்கின் மூன்றாவது சிம்னியும் (சுடரைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக் குழாய்) வெடித்தது. அன்றைக்கென்று பாரிஸில் இருக்கும் தோழி கேட்கிறாள்: "உன்னிடம் இருப்பது போல ஒரு பழைய எண்ணெய் விளக்கு வாங்கலாமா?"

நான்கு வருஷம் முன்பு சாந்துவான் பழம்பொருள் சந்தையில் 90 யூரோவுக்கு வாங்கினேன். நீல ஒப்பலின் (பால் கலந்தது போல மங்கலான) கண்ணாடித் தொட்டி, பித்தளை அடி, திரி எரியும் 14 லிஞ்ஞ் பர்னர். தொட்டியில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டுக் கசிவில்லை. பிரச்சினை முழுக்கச் சிம்னிதான்.

லிஞ்ஞ் என்பது பழைய பிரெஞ்சு அளவு, சுமார் 2.26 மி.மீ. அந்த எண் பர்னருக்கானது, சிம்னியின் அடி அகலத்தைச் சொல்லாது. இது தெரியாமல் "14" என்று கேட்டு வாங்கிய முதல் சிம்னி லேசாகச் சாய்ந்து நின்றது. சுடர் ஒரு பக்கமாகப் பட்டு உடைந்தது. இரண்டாவது, ஜன்னல் வழியாக வந்த குளிர்காற்றில் போனது. மூன்றாவதற்குத் திரியைத் தாழ்த்தி வைத்து, பத்து நிமிஷம் சூடேற விட்டுத்தான் உயர்த்தினேன். அப்படியும் வெடித்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

சிம்னி இல்லாமல் ஏற்றினால் புகைதான் மிச்சம். 1780களில் ஜெனீவாக்காரர் எமே ஆர்கான் திரியை வட்டமாக்கி, சுடரின் உள்ளும் வெளியும் காற்று போக வழி செய்தார். கண்ணாடிக் குழாய் அந்தக் காற்றை இழுத்துக் கொடுக்கிறது. ஆனால் பிரான்சில் அந்த விளக்குக்கு நிலைத்தது பாரிஸ் மருந்துக்கடைக்காரர் கேங்கேயின் பெயர். ஆர்கான் 1803இல் வறுமையில் இறந்தார். எனக்கு அது ஆறவே இல்லை.

அந்தக் காலத்துக் கோல்சா எண்ணெய் (கடுகு இன விதையில் எடுப்பது) கெட்டியானது, திரியில் சரியாக ஏறாது. அதனால் 1800இல் கார்செல் என்பவர் விளக்குக்குள்ளேயே கடிகார இயந்திரம் வைத்து எண்ணெயை மேலேற்றினார். மண்ணெண்ணெய் தானாகவே ஏறிவிடும். என் மண்ணெண்ணெய் விளக்கில் இயந்திரமே இல்லை, பழுதாக ஒன்றுமில்லை, அந்தக் கண்ணாடிக் குழாயைத் தவிர.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். வெள்ளைக் குடை வழியாக மேஜை விளிம்பு வரை ஒரே சீராகப் பரவும், ஆடாது. அதில் இரண்டு மணி நேரம் படித்தாலும் கண் வலித்ததில்லை. அம்மா வந்திருந்தபோது, அரிக்கேன் விளக்குக்குச் செய்வது போலச் செய்தித்தாளால் சிம்னியைத் துடைத்துவிட்டு, ராத்திரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சரி, தோழிக்கு "வாங்காதே" என்றுதான் எழுதினேன். மீறி வாங்கினால், சிம்னி உட்காரும் வளையத்தின் உள் அகலத்தை மி.மீட்டரில் அளந்துகொள், லிஞ்ஞ் கணக்கை நம்பாதே என்றும் சேர்த்தேன். எனக்குப் புதுச் சிம்னி வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று மாலை அவளை வரச் சொல்லியிருக்கிறேன்.